தகரக் கொட்டகையில் கேட்ட கேள்வி

நாகர்கோவிலில் எப்சிபா என்று ஒருத்தி இருந்தாள். ஐம்பது தாண்டிய பிறகு சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொண்டாள். விழுந்ததையும் எழுந்ததையும் வீடியோவாகப் போட்டாள். தெருவே சிரித்தது. விடாமல் பார்க்கவும் செய்தது.

வீடியோ எடுக்க அவளுக்குச் சொல்லிக்கொடுத்தவள் நஸ்ரின். மாணவியைவிட ரொம்ப இளையவள். ஆனாலும் எப்சிபாவுக்கு அவள் டீச்சர்தான்.

நஸ்ரின் சொல்லித்தான் எப்சிபா ஒரு சைக்கிள் கம்பெனிக்கு எழுதினாள். சைக்கிளைத் தொட்டே பார்க்காத பெண்களுக்காக மூன்று வீடியோ செய்து தருகிறேன் என்று. அன்றைக்கு வீடெல்லாம் பாடிக்கொண்டே திரிந்தாள்.

பதில் வரவில்லை. வாரங்கள் ஓடின. "உன் கம்பெனிக்காரன் என்ன சொன்னான்?" என்று நாத்தனார் பார்க்கும்போதெல்லாம் கேட்டாள்.

ஒரு சனிக்கிழமை எப்சிபா போனில் தட்டினாள்: "பதில் போடக்கூட மரியாதை தெரியாதா உங்களுக்கு?"

அனுப்பவில்லை. டீச்சரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு இதை அனுப்பிவிடலாம், சேனலையும் மூடிவிடலாம் என்று கிளம்பினாள்.

வகுப்பு, மொட்டைமாடியில் தகரம் போட்ட கொட்டகையில். அவள் படியேறவும் மழை பிடித்துக்கொள்ளவும் சரியாக இருந்தது. நஸ்ரின் முதுகைக் காட்டி உட்கார்ந்து, வீடியோ விளக்குகள் நனையாமல் மூடிக்கொண்டிருந்தாள்.

"டீச்சர், பதில் போடாதவங்ககிட்ட மறுபடியும் போய் நிக்கது கேவலம் இல்லையா?"

நஸ்ரின் திரும்பவில்லை.

எப்சிபா கிட்டே போய்த் தோளைத் தொட்டாள். கேட்டதையே சுருக்கி, உரக்கக் கேட்டாள்.

"மறுபடி கேக்கலாமா டீச்சர்?"

"அக்கா! எப்ப வந்தீங்க?"

"அப்பவே வந்தேன். ஒரு தடவை கேட்டேன்லா."

"நான் பதில் சொல்லலையே. கோபம் வரலையா?"

"உங்க மேல என்னத்துக்குக் கோபம்? இந்த மழையில காதுல விழுந்திருக்காது."

நஸ்ரின் விளக்கைக் கீழே வைத்தாள்.

"கம்பெனிக்காரங்க தலைக்கு மேல என்ன சத்தம்னு போய்ப் பார்த்தீங்களா?"

எப்சிபா போனை எடுத்து, தட்டி வைத்திருந்ததை அழித்தாள். அங்கேயே உட்கார்ந்து புதிதாக எழுதினாள்.

"வணக்கம். முன்பு எழுதியிருந்தேன், வேலை நெருக்கடியில் கண்ணில் படாமல் போயிருக்கலாம். இதற்கிடையில் என் நாத்தனாரும் சைக்கிள் கற்க ஆரம்பித்துவிட்டார். அந்த வீடியோவை இணைத்திருக்கிறேன். இப்போது தேவையில்லை என்றாலும் ஒரு வரி சொல்லுங்கள், வருத்தப்பட மாட்டேன்."

நஸ்ரின் எட்டிப் பார்த்தாள். "நாத்தனாரா? எப்போ?"

"நாளைக்குக் காலையில. அவளுக்கே இன்னும் தெரியாது. வீடியோ எடுத்த பிறகுதான் அனுப்புவேன்."

இருவரும் சிரித்த சிரிப்பில் மழைச் சத்தம் கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை நாத்தனார் விழுந்தாள், எழுந்தாள், தானும் சிரித்தாள். கடிதம் போனது. அந்த வாரமே பதில் வந்தது: முதல் கடிதத்தை வைத்திருந்தவர் வேலை மாறிப் போய்விட்டாராம். மன்னியுங்கள், மூன்று வீடியோவும் வேண்டும் என்று எழுதியிருந்தார்கள்.

எப்சிபா தெரு முழுக்க மணியடித்துக்கொண்டே சைக்கிளில் வந்து நஸ்ரின் முன்னால் இறங்கினாள். செய்தியைச் சொல்லி முடித்தும் போகாமல் நின்றாள்.

"நான் எழுதின வேற ரெண்டு கம்பெனி இன்னும் வாயே திறக்கல டீச்சர். எத்தனை தடவைதான் கேக்கது?"

"கேட்கும்போது உங்களுக்குச் சிரிப்பு வந்துக்கிட்டு இருக்கிற வரைக்கும்."