கரடிக்குப் போன ஓலை

பல வருடங்களாக இந்தக் கதையை என்னால் முழுதாக நம்ப முடிந்ததில்லை. சொன்னவர் எங்கள் அலுவலகத்தில் மின்னஞ்சல் சர்வரைக் கவனித்துவந்த திருவேங்கடம். ஒருநாள் காலை யாருடைய மின்னஞ்சலும் போய்ச் சேரவில்லை. எல்லாம் சர்வரில் வரிசைகட்டி நின்றன. என்ன ஆயிற்று என்று கேட்கப் போனேன். அவர் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் இந்தக் கதையைச் சொன்னார்.

ஒரு காட்டில் ஓடைக்கரையில் பெரிய மருதமரம் ஒன்று இருந்தது. அதன் நடுவே நீளமான பொந்து. மேலே ஒரு வாய், கீழே ஒரு வாய். விலங்குகள் செய்தி எழுதிய ஓலைகளை மேல்வாயில் போடும். முதலில் போட்ட ஓலை கீழ்வாயில் முதலில் வெளியே வரும். அதை மைனா எடுத்துக்கொண்டு போய் உரியவரிடம் கொடுக்கும்.

அந்தக் காட்டில் ஒரு வழக்கம் இருந்தது. முன்னது சேராமல் பின்னது போகக்கூடாது. யாரும் யாரையும் முந்தக்கூடாது என்பதற்காக யானை வைத்த வழக்கம் அது.

வெகுகாலம் கீழ்வாயைக் கவனித்தது கீரி. ஒருநாள் யானை வந்து, "கொஞ்ச நாள் நீ மேல்வாயில் இரு. கீழே அணில் பார்த்துக்கொள்ளட்டும்" என்று சொல்லிவிட்டு அக்கரைக்குப் போய்விட்டது. காரணம் சொல்லவில்லை.

அணில் இளசு, சுறுசுறுப்பு. பொந்தைச் சுத்தம் செய்தது. மைனாக்களின் பெயரைக் கேட்டுத் தெரிந்துகொண்டது. ஓலைகள் அன்றன்றைக்கே போய்ச் சேர்ந்தன. முயல்கள் கீரியின் காதில் விழும்படியே பேசிக்கொண்டன: "இத்தனை நாள் இங்கே என்னதான் செய்துகொண்டிருந்தார்களோ!"

கீரிக்குச் சோறு இறங்கவில்லை. "அதெல்லாம் நான் பழக்கிவிட்ட மைனாக்கள்" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிப் பார்த்தது. கேட்டவர்கள் தலையாட்டிவிட்டு அணிலைப் பார்க்கப் போனார்கள். மேல்வாயில் உட்கார்ந்திருந்தாலும் கீரியின் கண் எப்போதும் கீழ்வாயில்தான் இருந்தது. அக்கரையிலிருந்து கொக்கு கொண்டுவந்த ஓலை ஒன்றை, யாருக்கு என்றுகூடப் பார்க்காமல் பொந்துக்குள் போட்டது. அப்போது கீழே ஒரு மான் அணிலுக்கு நாவற்பழம் கொடுத்துக்கொண்டிருந்தது.

அந்த ஓலையைப் போட்டதற்கு முந்தின நாள்தான் சிக்கல் தொடங்கியிருந்தது. மூங்கில்குகைக் கரடிக்கு ஓர் ஓலை வந்திருந்தது. மைனா கொண்டுபோய், திரும்பக் கொண்டுவந்தது.

"ஆள் இல்லை."

"தேன் எடுக்கப் போயிருப்பார். மறுபடி போ" என்றது அணில்.

மறுபடி போனது. மறுபடி வந்தது. முன்னது சேராததால் பின்னது எதுவும் போகவில்லை. நாலு நாளில் ஓலைகள் மேல்வாய்வரை நிறைந்து வெளியே பிதுங்கின.

வேலை செய்பவர்கள் போதவில்லை என்று அணிலுக்குத் தோன்றியது. இன்னும் பத்து மைனாக்களை வரவழைத்தது. பத்தும் கிளையில் வரிசையாக உட்கார்ந்து கரடியின் ஓலை திரும்பி வருவதை வேடிக்கை பார்த்தன. எல்லாரும் குறைவாக எழுதுங்கள் என்று அணில் கேட்டுக்கொண்டது. அதற்கும் ஓலை எழுதித்தான் அனுப்ப வேண்டியிருந்தது. அதுவும் பொந்தில் மாட்டிக்கொண்டது.

கடைசியில் அணில் மேல்வாய்க்கு ஏறி வந்தது. அதற்கு மூச்சு வாங்கியது.

"அண்ணே, உங்கள் காலத்தில் இப்படி ஆனதுண்டா?"

ஆனதுண்டு. பலமுறை. ஓர் ஓலை மூன்றுமுறை திரும்பி வந்தால், அதன் முதுகில் 'ஆள் இல்லை' என்று கீறி, எழுதியவருக்கே கீரி அனுப்பிவிடும். எழுதியவர் கையில் சேர்ந்தால் அதுவும் சேர்ந்த கணக்குத்தான். இந்த உபாயத்தை அது யாருக்கும் சொன்னதில்லை. இப்போது நாக்கின் நுனிவரை வந்தது. கீழே காத்திருந்த முயல்களைப் பார்த்தது. வந்த சொல்லை விழுங்கிக்கொண்டது.

"இல்லையே தம்பி. என் காலத்தில் ஓடிக்கொண்டே இருந்தது. மைனா இன்னும் போதவில்லையோ என்னவோ" என்றது.

"சரி அண்ணே, பார்க்கிறேன்" என்று நன்றியோடு இறங்கிப் போனது அணில்.

நாட்கள் போயின. அமாவாசை வந்து போனது. அக்கரைப் புல்வெளி காய்ந்துவிட்டது என்ற செய்தி சேராமல், ஒரு மான் கூட்டம் அங்கே போய்ப் பட்டினியோடு திரும்பி வந்தது. மரத்தடியில் கூட்டம் கூடியது. பொந்தை அப்படியே ஓடையில் கொட்டு என்றது காட்டுப்பன்றி. அணிலை அனுப்பிவிட்டுக் கீரியையே கூப்பிடலாம் என்றன, அதே முயல்கள். கீரி மேலே உட்கார்ந்து மீசையைத் தடவிக்கொண்டது.

அணில் கூட்டத்திடம் ஒருநாள் அவகாசம் கேட்டது. பிறகு கரடியின் ஓலையைத் தானே வாயில் கவ்விக்கொண்டு, மைனாவின் பின்னால் மரம் மரமாகத் தாவிப் போனது. மூங்கில்குகை வாசலில் சிலந்தி வலை கட்டியிருந்தது. உள்ளே ஈரமில்லை, நாற்றமில்லை, காலடி இல்லை. கரடி எப்போதோ காட்டை விட்டே போய்விட்டிருந்தது.

"நான் பொந்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டேன்" என்றது அணில். "இந்த ஒரு ஓலையைப் பின்தொடர்ந்து வந்திருந்தால் முதல்நாளே தெரிந்திருக்கும்."

திரும்பி வந்து அந்த ஓலையை எழுதியவரிடமே கொடுக்கச் சொன்னது. அடுத்த ஓலை வெளியே வந்தது. அதற்கடுத்தது. மைனாக்கள் பறந்தபடியே இருந்தன. மறுநாள் மாலைக்குள் பொந்து காலியாகிவிட்டது.

நடுவில் ஓர் ஓலையை அணிலே கொண்டுவந்து மேல்வாயில் கொடுத்தது. "அண்ணே, இது உங்களுக்கு. இத்தனை நாள் உள்ளே கிடந்திருக்கிறது."

கீரி அதை வளைக்குள் கொண்டுபோய்த் தனியாகப் பிரித்தது. யானையின் எழுத்து. அக்கரையில் இதைவிடப் பெரிய பொந்து ஒன்று தயாராகிறது. அதற்குத் தலைமை நீதான். அதற்காகத்தான் உன்னைக் கீழ்வாயிலிருந்து விடுவித்தேன். அமாவாசைக்குள் பதில் வராவிட்டால் உனக்கு விருப்பமில்லை என்று எடுத்துக்கொண்டு, வேறொருவரை வைத்துக்கொள்வேன்.

அக்கரைப் பொந்தில் மரநாய் உட்கார்ந்து ஏழு நாளாகியிருந்தது.

கீரி ஓலையை மண்ணுக்குள் புதைத்தது. கொக்கு கொடுத்ததும், தான் பெயர் பார்க்காமல் போட்டதும் நினைவுக்கு வந்தன. யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. அணில் கடைசிவரை கீரியை நல்லவர் என்றே நினைத்துக்கொண்டிருந்தது.

தெரிந்ததைப் பொறாமையால் மறைப்பவர், தம்மை நோக்கி வருவதையும் தாமே தடுத்துக்கொள்கிறார்.

இந்த வரியோடு திருவேங்கடம் கதையை முடித்துவிட்டு, "போய்ப் பாருங்கள், உங்கள் மின்னஞ்சல் இப்போது போகும்" என்றார். போனது. கதை மட்டும் எனக்குள் நின்றுவிட்டது. என்னோடு வேலைக்குச் சேர்ந்து என்னை முந்திப் போனவர்களை நினைக்கும்போதெல்லாம் கீரியின் ஞாபகம் வரும். கூடவே சந்தேகமும் வரும். போன மாதம் அவரை அவர் வீட்டில் பார்த்தபோது கேட்டுவிட்டேன்.

"கீரி அந்த ஓலையைத் தனியாகப் படித்து, யாரிடமும் சொல்லாமல் புதைத்துவிட்டது என்றீர்களே. அப்படியானால் அதில் என்ன எழுதியிருந்தது என்று உங்களுக்கு எப்படி சார் தெரியும்?"

"புதைத்தவனுக்குத் தெரியாதா?" என்று திருவேங்கடம் மீசையைத் தடவிக்கொண்டார்.