முள்ளுக்குள் விழுந்த ராக்கெட்

தெய்வானை டீச்சருக்கு ஒரு குரு உண்டு. குருவுக்கு வயது முப்பதுகூட ஆகவில்லை. சிஷ்யைக்கோ தலையில் பாதி நரை. அதில் சிஷ்யைக்கு ஒரு வருத்தமும் கிடையாது. எல்லார் முன்னாலும் "குருவே, டீ வந்திருக்கு" என்று சத்தமாகக் கூப்பிடுவார். ஜெனிபர் டீச்சர் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொள்வார்.

அந்த நகராட்சித் தொடக்கப்பள்ளியில் அறிவியல் மன்றத்தை ஆரம்பித்தது ஜெனிபர்தான். ஊர் தூக்கிப்போடுகிற சாமானை வைத்து அறிவியல் செய்கிற மன்றம். பள்ளிக்கூடத்துப் பலகையில் 'மறுசுழற்சி அறிவியல் மன்றம்' என்று எழுதியிருக்கும். பிள்ளைகள் வைத்த பெயர் குப்பை கிளப்.

கிளப்புக்கு ஒரே சட்டம்தான். கடையில் எதையும் வாங்கக் கூடாது. யாராவது பயன்படுத்தி முடித்ததுதான் உள்ளே வர வேண்டும்.

இந்த வருஷம் ஜெனிபருக்கு ஒன்றாம் வகுப்பைக் கொடுத்துவிட்டார்கள். ஒன்றாம் வகுப்பை விட்டுவிட்டு ஒரு நிமிஷம் நகர முடியுமா? ஒருத்தன் சிலேட்டைக் கடிப்பான், ஒருத்தி சன்னலில் ஏறுவாள். அதனால் மன்றம் தெய்வானை டீச்சர் கைக்கு வந்தது. அறிவியலில் டீச்சருக்கு அப்படியொன்றும் பிடிமானம் கிடையாது. ஆசை மட்டும் மலையளவு இருந்தது.

"குருவே, ஒரு சந்தேகம்."

"ஐயோ டீச்சர், அப்படிக் கூப்பிடாதீங்கன்னு எத்தனை தடவை சொல்றது. என்ன சந்தேகம்?"

"மன்றத்தை நான் ஒழுங்கா நடத்துறேனான்னு எப்படித் தெரிஞ்சுக்கிறது? கணக்குன்னா பரீட்சை வைக்கலாம். தமிழ்னா வாசிக்கச் சொல்லலாம். இதுக்கு என்னத்த வைக்க?"

ஜெனிபர் ஒரு பொடியனுக்கு மூக்கைத் துடைத்துவிட்டுக்கொண்டே சொன்னார்.

"வெள்ளிக்கிழமை பி.இ.ஓ. சார் வர்றாருல்ல? அது முடியட்டும். சொல்றேன்."

பி.இ.ஓ. என்றால் வட்டாரக் கல்வி அலுவலர்; அவர் வருகிற வெள்ளிக்கிழமையை நினைத்தாலே தெய்வானை டீச்சருக்குப் பயம். காரணம் இருந்தது. பிள்ளைகள் நனைந்துபோய் வீட்டுக்கு வருகிறார்கள், கையெழுத்து கோழி கிளறினது மாதிரி ஆகிவிட்டது என்று சில பெற்றோர் வந்து சத்தம் போட்டிருந்தார்கள். தலைமையாசிரியர் நல்லபெருமாள் சார் அன்றைக்கே சொல்லிவிட்டார்.

"இங்க பாருங்க டீச்சர். பி.இ.ஓ. வந்து பார்த்து நல்லாருக்குன்னு சொன்னா மன்றம் இருக்கும். இல்லைன்னா செவ்வாய்க்கிழமை கடைசி பீரியட் கையெழுத்துப் பயிற்சி. அவ்வளவுதான்."

பி.இ.ஓ.வுக்குக் காட்ட மன்றத்தில் என்ன இருந்தது? ராக்கெட் இருந்தது. அதை அஞ்சாம் வகுப்புப் பேச்சியும் அவள் கூட்டமும் செய்திருந்தார்கள். ஏதோ ஒரு வளைகாப்பு வீட்டில் குடித்துப்போட்ட கலர் பாட்டில்தான் உடம்பு. வாலில் மூன்று இறக்கை, மூன்றும் பழைய கல்யாணப் பத்திரிகை அட்டை. ஒரு இறக்கையில் இன்னும் பிள்ளையார் சிரித்துக்கொண்டிருந்தார். அறுந்த ஹவாய் செருப்பை வட்டமாக வெட்டி அடைப்பான். அடைப்பானுக்கு நடுவில் சைக்கிள் டியூபின் வால்வு. பாட்டிலில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றி, அடைப்பானை இறுக்கி, இரண்டு செங்கலுக்கு நடுவில் தலைகீழாக நிறுத்தி, பம்பால் காற்றடிக்க வேண்டும். காற்று தாங்காமல் அடைப்பான் பிய்த்துக்கொள்ளும். தண்ணீர் கீழே பாயும், பாட்டில் மேலே பாயும்.

மேலே பாய வேண்டும். அதுதான் பாயவில்லை.

செவ்வாய்க்கிழமை சோதனையில் முதல் தடவை அடைப்பான் ஒழுகி புஸ்ஸென்று போனது. அடுத்த தடவை பாட்டில் அப்படியே சாய்ந்து நவாஸ் காலுக்கடியில் ஓடியது. நவாஸ்தான் பம்பு அடிக்கிறவன். அவன் அப்பாவின் சைக்கிள் கடைப் பம்பு அது. மூன்றாவது தடவை கிளம்பியது பாருங்கள், நேராகக் குடிநீர்த் தொட்டி மேல் போய் மோதி விழுந்தது.

"ஏய்ய்ய்!"

மொத்தக் கூட்டமும் தொட்டியைப் பார்த்து ஓடியது. முழங்கால் தேய்ந்தது, பொத்தான் தெறித்தது, யார் எடுப்பது என்று ஒரே தள்ளுமுள்ளு.

தெய்வானை டீச்சர் தலையில் கை வைத்துக்கொண்டு நின்றார். அப்போதுதான் ஜெனிபரைப் பார்த்தார். ஒன்றாம் வகுப்பைக் கூட்டிக்கொண்டு வேடிக்கை பார்க்க வந்திருந்த ஜெனிபர், ராக்கெட்டுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். முதுகு பூராவும் ஈரம்.

'பாவம், பயம்போல' என்று நினைத்துக்கொண்டார் தெய்வானை டீச்சர்.

வீட்டுக்குக் கிளம்பும்போதே ஒரு முடிவெடுத்தார். போகிற வழியில் பெரிய ஆரஞ்சு கலர் பாட்டில் ஒன்று வாங்கினார். புதுசு, மூடி திறக்காதது. வீட்டுக்காரரிடம் நீட்டினார்.

"குடிங்க."

"எதுக்கு?"

"பாட்டில் வேணும்."

"உங்க கிளப்புல புதுசு வாங்கக் கூடாதுன்னு சட்டம்னு சொன்ன?"

"குடிச்சு முடிச்சா குப்பைதான? சீக்கிரம் குப்பையாக்குங்க."

மனிதர் முடிந்த மட்டும் குடித்தார். ஏப்பம் விட்டார். இன்னும் கொஞ்சம் குடித்தார். மிச்சம் தொட்டியில் போனது. தெய்வானை டீச்சர் போனில் வீடியோ பார்த்துப் பார்த்து, கடையில் வாங்கிய பிளாஸ்டிக் தகட்டில் அளவெடுத்து இறக்கை வெட்டினார். ரப்பர் அடைப்பான் வாங்கினார். பளபள காகிதம் சுற்றினார். சும்மா சொல்லக் கூடாது, கண்ணைப் பறித்தது. மறுநாள் சாயங்காலம் வீட்டுக்குப் பின்னால் விட்டுப் பார்த்தார். மாடி தாண்டிப் போனது. டீச்சர் குதித்தே விட்டார், அந்த வயதில்.

வெள்ளிக்கிழமை காலையில் அதை ஒரு மஞ்சப்பையில் மறைத்துக் கொண்டுவந்தார். ஜெனிபருக்கு மட்டும் பையை விரித்துக் காட்டினார்.

"எப்படி?"

"ரொம்ப நல்லா இருக்கு டீச்சர். பறக்கும்."

"தப்பா குருவே? மன்றம் நிலைக்கணும்ல?"

"பறக்கும் டீச்சர்" என்றுதான் மறுபடியும் சொன்னார் ஜெனிபர்.

பேச்சியிடம் சொல்வதுதான் கஷ்டமாக இருந்தது. "இன்னிக்கு டீச்சர் ராக்கெட்டை விடுவோம்டா. உங்களோடதைப் பீரோல வச்சிரு, அடுத்த வாரம் விடலாம், என்ன?" பேச்சி சரியென்று தலையாட்டினாள். அவ்வளவு நல்ல பிள்ளையாக அவள் தலையாட்டி டீச்சர் பார்த்ததே இல்லை.

பி.இ.ஓ. வந்தார். தேய்த்த வெள்ளைச் சட்டை, பையில் இரண்டு பேனா. தலைமையாசிரியர் பக்கத்திலேயே ஒட்டிக்கொண்டு நின்றார். பிள்ளைகளை வரிசையில் கைகட்டி நிற்க வைத்தாயிற்று. தெய்வானை டீச்சர் ராக்கெட்டை நிறுத்தினார். நவாஸ் பம்பு அடித்தான்.

சர்ர்ர்ர்!

அடேயப்பா! வேப்பமரம் தாண்டி, கொடிக்கம்பம் தாண்டி, வெயிலில் மின்னிக்கொண்டே போனது. பி.இ.ஓ. அண்ணாந்து பார்த்து வாயைத் திறந்துவிட்டார். ராக்கெட் சாவகாசமாகத் திரும்பி, காம்பவுண்டுச் சுவருக்கு அந்தப் பக்கம் கருவேல முள்ளுக்குள் போய் விழுந்தது.

தலைமையாசிரியர் கை காட்டினார். பிள்ளைகள் கைதட்டினார்கள். கையைக் கீழே இறக்கினார். நிறுத்தி, மறுபடியும் கைகட்டிக்கொண்டார்கள்.

"பிரமாதம் டீச்சர், பிரமாதம்!" என்றார் பி.இ.ஓ.

மன்றம் பிழைத்தது! குரு பார்த்தாரா என்று தெய்வானை டீச்சர் சந்தோஷமாகத் திரும்பினார். ஜெனிபர் இன்றைக்கும் முதுகைக் காட்டிக்கொண்டுதான் நின்றார். அவர் பார்த்துக்கொண்டிருந்தது பிள்ளைகளை. தெய்வானை டீச்சரும் அந்தப் பக்கம் பார்த்தார். வரிசை கலையவில்லை. ஒரு கைகூட அவிழவில்லை. சந்தோஷம் எங்கே போனதென்று தெரியவில்லை.

"யாராவது ஓடிப்போய் எடுத்துட்டு வாங்கப்பா, கிட்டத்துல பார்ப்போம்" என்றார் பி.இ.ஓ.

பிள்ளைகள் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள்.

"அது டீச்சரோடது சார்" என்றாள் பேச்சி.

குறும்பாகச் சொல்லவில்லை. அடுத்தவர் சாமானைத் தொடக் கூடாது என்கிற மரியாதையில்தான் சொன்னாள். தெய்வானை டீச்சருக்குச் சுருக்கென்றது.

பி.இ.ஓ. மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார்.

"அப்ப உங்களோடது?"

எல்லார் கண்ணும் டீச்சர் மேல் இருந்தது. தலைமையாசிரியர் கண்ணும்தான். வேண்டாம், காரியம் முடிந்தது, வாயை மூடுங்கள் என்று அந்தக் கண் கெஞ்சியது. இன்னும் சரியா வரலை சார் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். பி.இ.ஓ. டீ குடித்துவிட்டுக் கிளம்பிவிடுவார்.

ஒழுகித் தொலைத்தால்? சாய்ந்து தொலைத்தால்? செவ்வாய்க்கிழமை கடைசி பீரியட் கையெழுத்து!

"இருக்கு சார்" என்றார் தெய்வானை டீச்சர். "பேச்சி, எங்கட்டி வச்சிருக்க? எடு."

பீரோவுக்குப் போகவே இல்லை அது. பேச்சி முதுகுக்குப் பின்னால் பிடித்துக்கொண்டிருந்தாள்.

வரிசை போன இடம் தெரியவில்லை. "தண்ணி, தண்ணி!" "அவ்வளவு ஊத்தாதல!" "செருப்பை இறுக்கு!" "பிள்ளையார் இந்தப் பக்கம் வரணும்!" நவாஸ் பம்பின் மேல் ஏறி நின்றே மிதித்தான். அடைப்பான் ஓரத்தில் தண்ணீர் கசிந்து பத்திரிகை அட்டை நனைந்தது. இறக்கை ஒன்று தொங்கியது.

"சார், தள்ளி நில்லுங்க சார்!" என்று கத்தினாள் பேச்சி.

சார் தள்ளி நிற்கவில்லை. கிட்டப் பார்க்கக் குனிந்தார்.

டப்!

பி.இ.ஓ. தலையிலிருந்து கால்வரை குளித்துவிட்டார். ராக்கெட் மேலே போகப் பார்த்தது, மனசு மாறியது, பக்கவாட்டில் திரும்பி, சத்துணவுக்கூடத்துத் தகரக் கூரையில் தடதடவென்று உருண்டது. உள்ளேயிருந்து ஆயா கரண்டியோடு வெளியே ஓடிவந்தார். "எவம்ல அது கல்லெறிஞ்சது!"

"ஏய்ய்ய்ய்ய்!"

ஓடினார்கள் பாருங்கள். அஞ்சாம் வகுப்பு ஓடியது, நாலாம் வகுப்பு ஓடியது, மன்றத்தில் இல்லாத பிள்ளைகள் ஓடின. ஜெனிபர் டீச்சரின் ஒன்றாம் வகுப்பு மொத்தமும் கையை உதறிவிட்டு ஓடியது. ஆயா கூரையிலிருந்து கரண்டியால் தள்ளிவிட, பேச்சி தாவிப் பிடித்தாள்.

நல்லபெருமாள் சார் பி.இ.ஓ. சட்டையைத் துண்டால் துடைக்கப் போனார். பி.இ.ஓ. அந்தக் கையை விலக்கினார்.

"ஏன் சைடுல போச்சு?" என்று கேட்டார் பிள்ளைகளைப் பார்த்து.

கேட்டதுதான் தாமதம். இறக்கை நனைந்துவிட்டது என்றாள் ஒருத்தி. தண்ணி அதிகம் என்றான் ஒருத்தன். செங்கல் சாய்ந்திருந்தது, நான் அப்பவே சொன்னேன் என்றாள் இன்னொருத்தி. அட்டைக்கு மெழுகு தடவினால் நனையாது என்றாள் பேச்சி. மெழுகுக்கு எங்கே போவது என்றான் நவாஸ். பக்கத்துக் கோயிலில் எரிந்த விளக்குக்கு அடியில் எண்ணெய்ப் பிசுக்கு இருக்கும், மாதா கோயிலில் மெழுகுவத்தி உருகிக் கிடக்கும் என்று பெரிய விவாதம் நடந்தது. ஈரச் சட்டையோடு அதற்கு நடுவில் உட்கார்ந்திருந்தார் பி.இ.ஓ.

கிளம்பும்போது தலைமையாசிரியரிடம் கேட்டார்.

"இது என்னிக்கு நடக்கும்?"

"செவ்வாய்க்கிழமை கடைசி பீரியட் சார். அதைத்தான் கையெழுத்துக்கு மாத்தலாமான்னு..."

"மாத்தாதீங்க. மெழுகு தடவினா என்ன ஆகுதுன்னு எனக்குத் தெரியணும்."

பள்ளிக்கூடம் விட்டபின் தெய்வானை டீச்சர் தனியாகப் பின்வாசல் வழியாகப் போனார். சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு கருவேல முள்ளுக்குள் இறங்கினார். அவர் ராக்கெட் ஒரு கிளையில் மாட்டிக்கொண்டு மின்னியது. கை கால் எல்லாம் கீறல். ஆனாலும் விடவில்லை, எடுத்துவிட்டார்.

மேலே வந்தால், ஜெனிபர் மஞ்சப்பையை விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார்.

"செவ்வாய்க்கிழமை பேச்சிகிட்டக் கொடுத்துரலாம்" என்றார் தெய்வானை டீச்சர், மூச்சு வாங்க. "பிரிச்சு வேணுங்கிறதை எடுத்துக்கட்டும். இப்ப இது குப்பைதான."

"கொடுங்க டீச்சர். சந்தோஷப்படுவா."

இருவரும் சுவரோரமாக நடந்தார்கள்.

"வெள்ளிக்கிழமை முடிஞ்சதும் சொல்றேன்னீங்களே குருவே. நான் மன்றத்தை ஒழுங்கா நடத்துறேனா இல்லையா?"

ஜெனிபர் சிரித்தார்.

"சரி, அதை விடுங்க. இன்னிக்கு ரெண்டுல எது நல்லாப் பறந்துச்சு? அதையாவது சொல்லுங்க."

"எனக்குத் தெரியாது டீச்சர். ராக்கெட் விடும்போது நான் ஒரு நாளும் மேல பார்த்ததில்லை. எடுக்க யாரு ஓடுறாங்கன்னுதான் பார்ப்பேன்."