ஆள்காட்டிக்குத் துணை இல்லாமல் போன கதை

கீரி பேசினால் குருவிக்குப் புரியும், குருவி பேசினால் பாம்புக்கும் புரியும் என்று இருந்த காலம் அது. புரிந்து என்னத்தைக் கண்டார்கள் என்று இப்போதே கேட்காதீர்கள், அதைத்தான் சொல்லப் போகிறேன்.

வறண்ட சீமையில் ஒரு பெரிய கண்மாய் இருந்தது. கரையில் ஒரே ஒரு கருவேலமரம். தண்ணீர் வற்றிய தரையில் ஆள்காட்டிக் குருவிகள் குடியிருந்தார்கள். அவர்கள் மரத்தில் கூடு கட்டுகிறவர்கள் இல்லை. வெறுந்தரையில் காலால் லேசாகக் குழி பறித்து அதில் முட்டையிடுவார்கள். மேலே கூரை கிடையாது, சுற்றி வேலி கிடையாது. வானத்தில் பறக்கிற எவன் கண்ணிலும் அந்த முட்டை படும். அப்படி வாழ்கிறவர்களுக்குப் பக்கத்தில் ஒரு துணை வேண்டும்.

அந்தத் துணையாகக் கரிச்சான் இருந்தான். இரட்டை வாலும் கரிய உடம்புமாகக் கருவேலமரத்தின் உச்சியில் உட்கார்ந்திருப்பான். ஆள்தான் சின்னவன், கோபம் பெரியது. பருந்து வட்டமிட்டால் அதன் முதுகில் ஏறிக் கொத்துவான், காக்கையைக் கண்டால் ஊர் எல்லை வரைக்கும் விரட்டுவான். அதற்குக் கைம்மாறாக, மரத்தில் ஏதாவது ஏறப் பார்த்தால் தரையிலிருக்கும் ஆள்காட்டிகள் குரல் கொடுத்து அவன் குஞ்சுகளைக் காப்பாற்றுவார்கள். மேலே அவன், கீழே இவர்கள். ரொம்ப நாள் நன்றாகத்தான் போனது.

இந்த உடன்பாட்டுக்கு அடையாளமாக மரத்தடியில் ஒரு கல்வட்டம் இருந்தது. முட்டையிடும் ஒவ்வொரு தாயும் ஒரு கூழாங்கல்லைக் கொண்டுவந்து அதில் வைப்பாள். கல் இருக்கும்வரை வாக்கு இருக்கும். தலைவரைத் தேர்ந்ததும் அதே வட்டத்தில்தான். தலைவர் சரியில்லை என்று பட்டால் அவரவர் கல்லை எடுத்துக்கொண்டு போய்விடலாம், பாதிக்கு மேல் போய்விட்டால் தலைவர் இறங்கிக்கொள்ள வேண்டும். வீட்டுக் காரியத்துக்கும் வெளிக் காரியத்துக்கும் ஒரே வட்டத்தை வைத்த புத்தியை என்னவென்று சொல்வது? அதுவரை அவர்களுக்குள் சண்டை வந்ததில்லை, அதனால் ஒருவருக்கும் அது தப்பாகத் தோன்றவில்லை.

அப்போது தலைவராக இருந்தவர் செவத்தையா. கரிச்சானிடம் பேசி உடன்பாட்டைக் கொண்டுவந்தவர் அவர்தான், அந்தப் பெருமையை யாரும் மறுக்க முடியாது. ஆனால் பெருமை தலைக்கேறிவிட்டது. “என் கரிச்சான்” என்று சொல்ல ஆரம்பித்தார். தண்ணீர் ஓரத்து ஈரத்தரையெல்லாம் அவர் ஆட்களுக்குப் போனது. அவர்கள் மூக்கோரத் தோலில் செம்மண்ணைப் பூசிக்கொண்டு திரிந்தார்கள். மற்றவர்களை மேட்டுக்குத் தள்ளினார்கள்.

மேட்டில் புதருக்குள் ஒரு சாரைப்பாம்பு இருந்தது. அது இருட்டிய பிறகு வரும். கரிச்சான் தூங்குகிற நேரம், அவன் என்ன செய்வான்? மேட்டில் குடியிருந்த வெள்ளச்சி என்ற தாய்க்குப் போன பருவத்து முட்டை அத்தனையும் பாம்பின் வயிற்றுக்குள் போனது. அவள் அழுதுகொண்டே செவத்தையாவிடம் போய், ஈரத்தரையில் கொஞ்சம் இடம் கொடுங்கள் என்று கேட்டாள். கரிச்சானைக் கொண்டுவந்த தன்னிடமே வந்து குறை சொல்கிறாளா என்று அவர் சீறினார். அவள் சொன்னது பாம்பைப் பற்றி, கேட்டது இடம். அவர் காதில் எல்லாமே கரிச்சானைப் பழித்ததாக விழுந்தது. கூட இருந்த செம்மண் மூக்குக்காரர்கள் தலையாட்டினார்கள்.

மேட்டுக்காரர்களுக்கு மஞ்சணத்தி என்றொருத்தி தலையெடுத்தாள். நல்ல வாய், நல்ல நெஞ்சு. அவள் ஆட்கள் ஆவாரம்பூவின் மஞ்சளை மூக்கோரத்தில் தடவிக்கொண்டார்கள். செவத்தையா இறங்கினால் பாம்பைக் கொல்லக் கீரியைக் கொண்டுவருகிறேன் என்று அவள் வாக்குக் கொடுத்தாள். கீரியிடமும் போய்ப் பேசினாள். அவன் ஒரே ஒரு நிபந்தனை போட்டான். கண்மாய்க்குள் கால் வைத்தாலே கரிச்சான் தன் தலையில் கொத்துகிறான், அதனால் அவன் அங்கே இருக்கக் கூடாது என்றான். ஜெயிக்கிற அவசரத்தில் மஞ்சணத்தி சரி என்றாள்.

கல் எடுக்கும் நாள் வந்தது. வெள்ளச்சி மறுபடியும் நாலு முட்டை இட்டிருந்தாள். இந்த நாலுமாவது பொரிந்து ஓட வேண்டும் என்பதைத் தவிர அவள் மனதில் வேறொன்றும் இல்லை. கரிச்சான் மேல் அவளுக்கு எள்ளளவும் வருத்தம் கிடையாது, செவத்தையா இறங்க வேண்டும், அவ்வளவுதான். மரத்தடிக்குப் போய்த் தன் கல்லை அலகால் எடுத்தாள். மேலே கரிச்சான் பார்த்துக்கொண்டிருந்தான். அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை.

பாதிக்கு மேல் கல் போனது. மஞ்சணத்தி தலைவியானாள். அன்றைக்கே மரத்தடிக்குப் போய்க் கரிச்சானை விலகிக்கொள்ளச் சொன்னாள். அவன் சத்தம் போடவில்லை.

“நான் காவல் காத்தது முட்டையை. செவத்தையாவை இல்ல,” என்றான்.

“அது எனக்குத் தெரியும் அண்ணே,” என்றாள் மஞ்சணத்தி. “ஆனா உங்களையும் வச்சுக்கிட்டா, அவருக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்னு எங்க ஆளுங்க கேப்பாங்க.”

வெள்ளச்சி பின்னால்தான் நின்றிருந்தாள். நான் கல்லை எடுத்தது இதற்காக இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஜெயித்த சந்தோஷத்தில் சுற்றியிருந்தவர்கள் ஆடிக்கொண்டிருந்தார்கள், அவள் வாயை மூடிக்கொண்டாள். பாவம், அவளை மட்டும் குறை சொல்லி என்ன ஆகப்போகிறது?

அவர்கள் போனதும் செவத்தையா வந்தார். இவராவது போகாதே என்று தடுப்பார் என்றுதானே நினைப்போம்? ஒரு பருவம் தள்ளியே இரு என்று கரிச்சானிடம் கிசுகிசுத்தார். நாலு முட்டை போனால்தான் இவர்களுக்குப் புத்தி வரும், என்னைத் தேடி ஓடி வருவார்கள், அப்புறம் பழையபடி வைத்துக்கொள்ளலாம் என்றார். உங்கள் மகளும் அங்கேதானே அடைகாக்கிறாள் என்று கரிச்சான் கேட்டான். செவத்தையா திரும்பித் தண்ணீர் ஓரத்துக்கு நடந்தார். கரிச்சான் சிறகை விரித்து அக்கரைக்குப் போய்விட்டான். அங்கே ஒரு வேப்பமரத்தில் புறாக்கள் கூடு கட்டிக்கொண்டிருந்தன.

கீரி வந்தான். சொன்ன சொல்லைக் காப்பாற்றினான், அதை மறைக்கக் கூடாது. சாரைப்பாம்பை இழுத்துப்போட்டுக் கடித்துக் கொன்றான். மேடே கொண்டாடியது. அன்றைக்கு வெள்ளச்சி கவலையில்லாமல் தூங்கினாள். எவ்வளவோ நாளைக்குப் பிறகு அப்படி ஒரு தூக்கம்.

கோடை முற்றியது. அக்கம்பக்கத்துப் பாம்பெல்லாம் தீர்ந்துவிட்டது, எலியும் கிடைக்கவில்லை. ஒரு நாள் உச்சி வெயிலில் கீரி வெள்ளச்சியின் குழி முன்னால் வந்து நின்றான். முட்டைக்குள் குஞ்சுகள் கொத்த ஆரம்பித்திருந்த நேரம். காவல்காரன் நீயே இப்படி வந்து நிற்கலாமா என்று அவள் கேட்டாள்.

“பாம்பைத் தடுக்கிறேன்னுதான் சொன்னேன் தாயி,” என்றான் கீரி. “முட்டையைத் தொடாதேன்னு உங்க தலைவி என்கிட்ட கேக்கவே இல்லையே.”

வெள்ளச்சி கத்தினாள். பழக்கத்தில் தலை தானாகக் கருவேலமரத்தின் பக்கம் திரும்பியது. உச்சிக் கிளையில் யாரும் இல்லை. சிறகு ஒடிந்தவள்போலத் தரையில் புரண்டு அவனைத் தன் பக்கம் இழுக்கப் பார்த்தாள். கீரி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நாலையும் தின்று மூக்கைத் துடைத்துக்கொண்டு போனான். ஓட்டுக்குள்ளிருந்து வந்த குஞ்சுக் குரல் ஒவ்வொன்றாக நின்றதை அவள் கேட்டாள். பெற்ற வயிறு அதை எப்படித் தாங்கும்?

மஞ்சணத்தியிடம் ஓடினாள். செவத்தையாதான் கரிச்சானைக் கிளப்பிவிட்டார், எல்லாம் அவர்களுடைய சதி என்றாள் மஞ்சணத்தி. செவத்தையாவிடம் ஓடினாள். கல்லை எடுத்தாயே, அனுபவி என்றார் அவர். அவர் மகளின் முட்டையும் அதே நாளில்தான் போயிருந்தது. அதைச் சொல்லிக்கூட அவருக்கு அழத் தெரியவில்லை, மஞ்சணத்தியைத் திட்டத்தான் தெரிந்தது.

கடைசியில் வெள்ளச்சி அக்கரை வேப்பமரத்துக்குப் போனாள். கரிச்சான் கூட்டுக்குப் பக்கத்துக் கிளையில் புறா நிம்மதியாக அடைகாத்துக்கொண்டிருந்தது. வெள்ளச்சி கீழே நின்று நடந்ததையெல்லாம் சொன்னாள். திரும்பி வரச் சொல்லிக் கெஞ்சினாள்.

“நாங்க மாத்தினது எங்க தலைவரை. உங்களை இல்ல அண்ணே.”

“மரத்து மேலேருந்து பாத்தா எனக்கு அது தெரியல தாயி. கல் போனதுதான் தெரிஞ்சது.”

அவன் குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால்கூட அவள் மனது ஆறியிருக்கும்.

“உங்களுக்காகப் பருந்தோட சண்டைக்குப் போறப்ப, என் குஞ்சைத் தனியா விட்டுட்டுத்தான் போவேன்,” என்றான். “கீழ நீங்க இருக்கீங்கன்னு நம்பிப் போனேன். இனி எதை நம்பிப் போறது? இன்னிக்கு நீ கூப்பிடுற. அடுத்த பருவம் உங்க வட்டத்துல யார் வந்து என்ன சொல்வாங்கன்னு உனக்கே தெரியாது.”

வெள்ளச்சி வேப்பமரத்தடியை விட்டுப் பறந்தாள்.

திரும்பி வந்து கல்வட்டத்தின் முன்னால் நின்றாள். மிச்சமிருந்த கற்களில் சிலதைத் தன் புதுக் குழிக்குக் கொண்டுபோய், மறுபடி இட்ட முட்டையைச் சுற்றி வைத்துக்கொண்டாள். அதைப் பார்த்து மற்றத் தாய்களும் ஆளுக்குக் கொஞ்சம் எடுத்துப் போனார்கள். மரத்தடியில் வட்டம் இருந்த இடமே தெரியாமல் போனது. செவத்தையாவின் ஆட்கள் தண்ணீர் ஓரமாகவும், மஞ்சணத்தியின் ஆட்கள் காய்ந்த பொட்டலுக்கும் ஒதுங்கினார்கள். பூசிய செம்மண்ணும் தடவிய மஞ்சளும் மூக்கோரத் தோலில் அப்படியே ஊறிப்போனது, கழுவினாலும் போகவில்லை.

அதற்குப் பிறகு வெள்ளச்சி யாரையும் நம்பவில்லை. நாய் வந்தாலும் கத்தினாள், கீரி வந்தாலும் கத்தினாள், பாவப்பட்ட பசுமாடு மேய வந்தாலும் கத்தினாள்.

இன்றைக்கும் கண்மாய்ப் பக்கம் போய்ப் பாருங்கள். மரத்தில் கரிச்சான் கூட்டுக்குப் பக்கத்தில் புறா தைரியமாகக் கூடு கட்டியிருக்கும். ஆள்காட்டியோ, மூக்கோரம் சிவப்பானாலும் மஞ்சளானாலும், வெறுந்தரையில் முட்டையைச் சுற்றிக் கூழாங்கல்லை வைத்துக்கொண்டு, யார் வந்தாலும் தலைக்கு மேல் பறந்து பறந்து கத்தும். அந்தக் குரலைக் கேட்டு மற்றவர்களெல்லாம் தப்பித்துக்கொள்கிறார்கள். துணைக்கு ஒருவரும் வருவதில்லை, வெள்ளச்சி கல்லை எடுத்த அந்த நாளிலிருந்தே.