கடைசியாக வருபவர்

கோவைக்கு மேற்கே, மலை தொடங்கும் இடத்தில் பெனடிக்டா சைக்கிள் பழுதுபார்க்கும் கடை வைத்திருந்தாள். வயது முப்பத்திரண்டு. மலைச் சைக்கிள் பந்தயங்களில் பரிசுகள் வாங்கியவள். முழங்காலில் இரண்டு முறை அறுவை சிகிச்சை நடந்தபின் பந்தயத்தை விட்டுவிட்டாள். பிறருக்குக் கற்றுக்கொடுத்தாள். புதன்கிழமைதோறும் மாலை நாலரைக்கு அவளுடைய குழு மலைமேல் ஏறும். இருட்டுவதற்குள் இறங்கிவிடும்.

அறவாழி அவளிடம் இரண்டு வருடமாகக் கற்றுவந்தார். வயது ஐம்பத்து நான்கு. நூற்பாலை ஒன்றில் தரக்கட்டுப்பாட்டு மேலாளர். ஆலைக்குள் அவர் நுழைந்தால் பேச்சு நிற்கும். இங்கே அவர் அவளைக் "கோச்" என்பார். அவள் அவரை "சார்" என்பாள். ஆனால் சொல்பவள் அவள், கேட்பவர் அவர்.

அந்தப் புதன்கிழமை அவளோடு சேர்த்துப் பத்துப் பேர். மேலே பாறைத்திட்டில் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றார்கள். இனி இறக்கம்.

"சார், இன்னிக்கு நீங்க கடைசி" என்றாள் பெனடிக்டா.

இறங்கும்போது முதலில் அவள் போவாள். கடைசியாக ஒருவர் வருவார். எல்லாருக்கும் பின்னால்தான் அவர் வர வேண்டும். முன்னால் போகிறவர் நின்றால் அவரும் நிற்க வேண்டும். குழுவின் ஒரே விதி அது.

"கடைசியா? நானா?"

"ஆமா."

"ரெண்டு வருஷம் கத்துக்கிட்டது கடைசியா வர்றதுக்கா?"

"வெளிச்சம் போகுது சார்."

அறவாழியின் முகம் சிவந்தது. பன்னிரண்டு நிமிடத்துக்குள் இறங்கிவிட வேண்டும் என்று ஒரு மாதமாக முயன்று வந்தார். இன்று காற்றுகூட இல்லை. பாதை காய்ந்திருந்தது.

அவருக்கு முன்னால் ஹபீப் போனார். பேக்கரி வைத்திருப்பவர். கனத்த உடம்பு. குழுவுக்கு வந்து மூன்று வாரம்தான் ஆகியிருந்தது. இரண்டு பிரேக்கையும் பிடித்தபடி, ஒவ்வொரு கல்லையும் கேட்டுக் கேட்டு இறங்குவதுபோல் இறங்கினார். மூன்றாவது வளைவில் நின்றார்.

"நீங்க போங்க சார். பின்னாடியே வந்தீங்கன்னா எனக்குக் கை நடுங்குது."

"தனியா வந்துடுவீங்களா?"

"வந்துடுவேன் சார். மெல்லமா வர்றேன்."

அறவாழி ஒரு கணம் அவரைப் பார்த்தார். பிறகு போனார்.

வழியில் ஆறு பேரைத் தாண்டினார். கீழே டீக்கடைக்கு மூன்றாவதாக வந்து சேர்ந்தார். பெனடிக்டா கடிகாரத்தைப் பார்த்தாள். அவள் முகம் மலர்ந்தது.

"பதினொன்றரை! சார், பதினொன்றரை!"

கை தட்டினாள். கூட இருந்தவரும் தட்டினார். டீ வந்தது. மற்றவர்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். பாதி டீயில் பெனடிக்டா தலைகளை எண்ணினாள். இன்னொரு முறை எண்ணினாள்.

"ஹபீப் எங்க?"

"வர்றாரு" என்றார் அறவாழி.

"எங்க வர்றாரு?"

"பின்னாடி."

"யாருக்குப் பின்னாடி?"

ஹபீபின் போனுக்கு அடித்துப் பார்த்தார்கள். மேலே சிக்னல் கிடையாது. டம்ளரை வைத்துவிட்டு அவள் சைக்கிளைத் திருப்பினாள்.

"ஆம்புலன்ஸுக்குச் சொல்லுங்க. வனத்துறைக்கும் சொல்லுங்க. யாரும் மேல வரக்கூடாது."

அறவாழி மட்டும் பின்னால் போனார். அவள் வேண்டாம் என்று சொல்லவில்லை. வாருங்கள் என்றும் சொல்லவில்லை.

ஐந்தாவது வளைவில் ஹபீபின் சைக்கிள் கிடந்தது. அதற்குக் கீழே, ஓடைப் பள்ளத்தில் ஹபீப் மல்லாந்து கிடந்தார். வலது கால் முழங்காலுக்குக் கீழே தப்பான பக்கம் திரும்பியிருந்தது. கண்கள் திறந்திருந்தன. தன் கையுறையைச் சுருட்டி வாயில் திணித்து வைத்திருந்தார்.

அறவாழி ஓடப் போனார். பெனடிக்டா அவர் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினாள். ஓடைக்கு அந்தப் பக்கம் மூங்கில் முறியும் சத்தம் கேட்டது. ஒரு பெண் யானை. அதன் கால்களுக்கு இடையில் குட்டி.

அப்போதுதான் அறவாழிக்கு அந்தக் கையுறை எதற்கென்று புரிந்தது. அந்த மனிதன் வலியில் கத்திவிடக் கூடாது என்று தன் வாயைத் தானே அடைத்துக்கொண்டு கிடந்திருக்கிறான்.

யானை அவசரப்படவில்லை. மூங்கிலை உருவித் தின்றது. ஹபீப் அவர்களைப் பார்த்துவிட்டார். அவர் கண்ணிலிருந்து நீர் காதுப் பக்கமாக வழிந்தது. அவர்களால் கிட்டே போக முடியவில்லை, பேச முடியவில்லை. பெனடிக்டாவின் நகங்கள் அறவாழியின் மணிக்கட்டில் இறங்கிக்கொண்டே இருந்தன. அவர் கையை இழுக்கவில்லை.

குட்டி முதலில் நகர்ந்தது. பிறகு தாயும் போனது.

பெனடிக்டா காற்றடிக்கும் பம்பை ஹபீபின் காலோடு சேர்த்து வைத்து டியூபால் கட்டினாள். ஹபீபைச் சைக்கிளில் உட்காரவைத்து, அவள் ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொள்ள, அறவாழி அவரையும் காலையும் தாங்கிக்கொண்டு நடந்தார். ஒவ்வொரு கல்லிலும் ஹபீப் முனகினார்.

ஆம்புலன்ஸ் போன பிறகு அறவாழி அவளிடம் வந்தார்.

"மன்னிச்சிடுங்க கோச்."

"விழுந்தது நான் இல்லை."

அவள் கடைக்குப் போய் ஷட்டரை இழுத்து மூடினாள். அந்தச் சத்தம் தெருமுனை வரை கேட்டது.

மறுநாள் அறவாழி மருத்துவமனைக்குப் போனார். ஹபீபின் காலில் கம்பி வைத்திருந்தார்கள். நடக்க ஆறு மாதம் ஆகும் என்றார்கள்.

"நான்தானே சார் போகச் சொன்னேன்? விடுங்க. உங்க மேல எனக்கு ஒண்ணும் இல்லை" என்றார் ஹபீப். சிரிக்கவும் செய்தார்.

அவர் மனைவி ஷமீமா கட்டிலுக்கு அந்தப் பக்கம் நின்றிருந்தாள்.

"நான் போக வேணாம்னுதான் சொன்னேன். பின்னாடி ஒருத்தர் வருவாரு, பயப்படாதேன்னு சொல்லிட்டுப் போனாரு" என்றாள். பிறகு அறையை விட்டு வெளியே போனாள். அறவாழி கிளம்பும்வரை திரும்பி வரவில்லை.

அடுத்த ஐந்து நாளும் அறவாழி பெனடிக்டாவுக்குப் போன் செய்தார். அவள் எடுக்கவில்லை. முதலில் அவருக்கு வெட்கமாக இருந்தது. பிறகு ஆத்திரம் வந்தது. செவ்வாய்க்கிழமை மாலை ஆலையிலிருந்து நேராகக் கடைக்கு வந்தார். அவள் ஒரு சக்கரத்தின் கோணலை எடுத்துக்கொண்டிருந்தாள்.

"ஹபீப் மன்னிச்சிட்டாரு" என்றார்.

"தெரியும்."

"கால் உடைஞ்சது அவருக்கு. அவரே மன்னிச்சிட்டாரு. உங்களுக்கு என்ன கோச் இன்னும்?"

"கோபம்."

"தப்புன்னு ஒத்துக்கிட்டேன். இன்னும் என்ன செய்யணும்? கால்ல விழணுமா? என் வயசுக்கு ஒருத்தர்கிட்ட இப்படி வந்து நின்னது இல்லை."

அவள் சிறு சாவியால் சக்கரக் கம்பி ஒன்றை இறுக்கினாள். சக்கரத்தைச் சுற்றிவிட்டுப் பார்த்தாள். இன்னும் ஆடியது.

"மனசைக் கட்டி வையுங்க, கோபத்தோட சைக்கிள்ல ஏறாதீங்கன்னு சொல்லிக்கொடுத்ததே நீங்கதான். ஒரு வாரமா நீங்க கட்டி வெச்ச லட்சணம் இதுவா?" அவர் குரல் உயர்ந்தது. "குருன்னா அதுக்கெல்லாம் மேல இருக்க வேண்டாமா?"

பெனடிக்டா சாவியை மேசைமேல் எறிந்தாள். அது உருண்டு கீழே விழுந்தது.

"மேலயா? நான் எங்க சார் மேல இருந்தேன்? டீக்கடையில இருந்தேன். கடைசியா வர வேண்டிய ஆள் மூணாவதா வந்து நிக்கிறாரு. ஒரு கேள்வி கேட்டேனா? கை தட்டினேன். அங்க ஒரு மனுஷன் வாயில துணியை அடைச்சிட்டுக் கிடக்கறான், இங்க நான் டீ குடிச்சேன். உங்க மேல இருக்கறது பாதிக் கோபம்தான். மீதியை எங்க போய் இறக்கி வைக்கறது? ஹபீப் என்னையும்தான் மன்னிச்சிட்டாரு."

அறவாழி குனிந்து சாவியை எடுத்து அவளிடம் கொடுத்தார்.

"நான் குழுவை விட்டு நின்னுக்கறேன் கோச்."

சுவரில் ஒரு கரும்பலகை இருந்தது. மறுநாள் வருகிறவர்களின் பெயரை அதில் எழுதுவது வழக்கம். பெனடிக்டா சாக்பீஸை எடுத்து ஒன்பது பெயர் எழுதினாள். முதலில் தன் பெயர். கடைசியில் அறவாழி.

அவர் அதை இரண்டு முறை படித்தார்.

"கோபம் போயிடுச்சா?"

"இல்லை. நாளைக்கும் போகாது."

"அப்புறம் ஏன் கோச்? வேற யாரையாவது போடுங்க. எனக்கு..." அவர் நிறுத்தினார். ஆலையில் யாரும் கேட்டிராத குரலில் சொன்னார். "எனக்குப் பயமா இருக்கு."

பெனடிக்டா சாக்பீஸ் தூளைக் கையிலிருந்து தட்டினாள்.

"மத்த ஏழு பேருக்கும் அந்தப் பயம் இல்லை சார்."