உள்ளே இருந்து தட்டிய கதவு

மணல் சலித்துக்கொண்டே இதை எழுதுகிறேன். ஒரு சல்லடை சலிப்பேன், ஒரு வரி எழுதுவேன். தாளில் மணல் ஒட்டியிருந்தால் மன்னிக்கணும்.

மணல் எங்கள் பிள்ளைகள் விளையாடும் தொட்டிக்கு. காற்றில் பறக்கிறது என்று கதவைச் சாத்தி வைத்திருக்கிறேன்.

சும்மா சாத்தியதுதான். தாழ்ப்பாள் போடவில்லை. போட அதில் தாழ்ப்பாளே கிடையாது.

அந்தக் கதையைத்தான் சொல்ல வந்தேன்.

*

"டீச்சர், எல்லாப் பிள்ளையும் உள்ள விளையாடுது. எம்பிள்ள மட்டும் கதவ அடிச்சுக்கிட்டே நிக்கா."

இதைச் சொல்லவே எனக்கு ஒரு வாரம் ஆனது.

பிரிஸ்கா டீச்சர் என்னைவிட வயதில் சின்னவர். என்னை அக்கா என்று கூப்பிடுவார். ஆட்டிசம் உள்ள பிள்ளைகளுக்காக இந்தப் பழைய நெல் கிடங்கை வாடகைக்குப் பிடித்தவர். நான் அஞ்சாங்கிளாஸோடு நின்றவள். அவர் முன்னால் நாற்காலியில்கூட உட்கார மாட்டேன்.

விளையாட்டு அறையை அமைக்கும் வேலையை அவர் என்னிடம் விட்டிருந்தார். பிள்ளைகள் ஓடிவிடாமல் இருக்க அதற்கு வெளிப்பக்கம் தாழ்ப்பாள்.

"எனக்கு என்ன டீச்சர் தெரியும்?"

"தர்ஷிக்கு எது பிடிக்கும், எது ஆகாதுன்னு தெரியும்ல. அதுல இருந்து ஆரம்பிங்க."

தர்ஷிகா என் மகள். பேச்சு வரவில்லை. கூட்டமும் சத்தமும் ஆகாது. கண் அசந்தால் ஓடிவிடுவாள். ஒருதடவை பஸ் வருகிற ரோட்டில் போய் நின்றாள். டிரைவர்தான் இறங்கித் தூக்கிவந்து கொடுத்தார். அன்றிலிருந்து என் முந்தானை முனையை அவள் கையில் முடிந்துதான் படுப்பேன்.

இந்த இடமும் அவளுக்கு ஒத்துவரவில்லை என்றால் அவளை வீட்டில் வைத்துப் பூட்டிவிட்டுத்தான் நான் வேலைக்குப் போகணும்.

*

"என்னென்ன வெச்சிருக்கீங்க?" என்றார் டீச்சர்.

"மணல் தொட்டி இருக்கு. சுவத்துல ஒரு பக்கம் தேங்கா நாரு, ஒரு பக்கம் வெல்வெட்டு. பழைய சேலையில தூளி கட்டியிருக்கேன். டியூப்லைட்டு கண்ணக் கூசுதுன்னு மஞ்ச பல்பு. மூலையில பாய மடக்கிக் குகை மாதிரி..."

"நல்லாருக்கே."

"இன்னும் எதை டீச்சர் வெக்கணும்?"

டீச்சர் எழுந்து அறைக்கு வந்தார். தர்ஷியைக் கையைப் பிடித்து வெளியே கூட்டிப்போனார். நானும் பின்னால் போனேன்.

"நீங்க உள்ளயே இருங்கக்கா."

கதவைச் சாத்தினார். வெளிப்பக்கம் தாழ்ப்பாள் விழுந்த சத்தம் கேட்டது.

*

விளையாட்டுக்குச் செய்கிறார் என்று நினைத்தேன்.

நின்றேன். திறக்கவில்லை.

கூப்பிடக் கூச்சம். ஒரு விரலால் மெல்லத் தட்டினேன்.

"கேக்கல," என்றது வெளியே இருந்து குரல்.

"டீச்சர், தர்ஷி எங்க?"

"எங்கூடத்தான். நீங்க விளையாடுங்க."

"விளையாடவா?"

"மணலு இருக்கு. தூளி இருக்கு. எல்லாம் இருக்குன்னு நீங்கதான சொன்னீங்க."

கொஞ்ச நேரம் போனது. பேச்சே இல்லை.

எனக்கு என்ன வந்தது என்று தெரியவில்லை. ஊரில் என் குரல் எப்படி இருக்கும் என்று தெரியாதவர்கள் பாதிப் பேர். நான் இரண்டு உள்ளங்கையாலும் கதவை அடித்தேன். வளையல் உடைகிற மாதிரி அடித்தேன்.

அடிக்கும்போதே கை நின்றுவிட்டது.

இந்தச் சத்தம் எனக்குத் தெரியும். தினமும் கேட்கிற சத்தம்.

டீச்சர் திறந்தார். தர்ஷி அவர் இடுப்பில் சாய்ந்து நின்றாள்.

"சொல்லுங்கக்கா. வெல்வெட்டு எப்படி இருந்துச்சு? நல்லா மெத்துன்னு இருந்துச்சா?"

"நான் எதையும் தொடல டீச்சர்."

"அப்போ என்ன செஞ்சீங்க?"

"கதவையே பாத்துக்கிட்டு நின்னேன்."

டீச்சர் தலையை ஆட்டினார். பிள்ளைகளுக்குப் பால் காய்ச்சப் போய்விட்டார்.

*

அன்றைக்கு என் வீட்டுக்காரரிடம் சொன்னேன்.

"ஏட்டி, ஊரு உலகத்துல ஓடுத பிள்ளைக்குக் கதவப் பூட்டச் சொல்லுவாங்க. நீ தாழ்ப்பாளக் கழட்டச் சொல்லுத?"

"கழட்டத்தான் சொல்லுதேன். அதுக்கு முன்னாடி முத்தத்தச் சுத்தி வேலி போடணும்."

"டீச்சரு சொன்னாங்களா?"

"அவுக ஒண்ணும் சொல்லல."

என்னை ஒருமாதிரியாகப் பார்த்தார். நான் இவ்வளவு பேசி அவர் கேட்டதில்லை.

கிடங்குக்குப் பின்னால் முற்றம். அதைத் தாண்டினால் ரோடு. மற்ற பிள்ளைகளின் அப்பாமாரும் வந்தார்கள். சுற்றிலும் கம்பிவலை அடித்தார்கள். ரோட்டுப்பக்கம் இரும்புக் கேட்டு, அதற்குப் பூட்டு. நான் ஒவ்வொரு கம்பியாக இழுத்துப் பார்த்தேன். "யானையவா கெட்டப் போறோம்?" என்று கேலி செய்தார்கள். செய்யட்டும்.

முற்றத்தில் வேப்பமரத்து நிழலைத் தவிர வேறு எதையும் நான் வைக்கவில்லை.

கடைசியாக அறைக்கதவில் இருந்த தாழ்ப்பாளை என் வீட்டுக்காரரே கழற்றினார்.

*

முதல் நாள். தர்ஷி வழக்கம்போலக் கதவை அடித்தாள். அது திறந்துகொண்டது.

அவள் கதவைப் பார்த்தாள். கையைப் பார்த்தாள். ஓடிவிட்டாள்.

நான் எழப் பார்த்தேன். எழ முடியவில்லை. யாரோ பிடித்து இழுத்த மாதிரி இருந்தது. திரும்பினால், பக்கத்தில் டீச்சர். என் முந்தானை மேல் உட்கார்ந்திருந்தார்.

"டீச்சர், சேலை..."

"தெரியும்க்கா."

வேலி ஓரமாக அவள் ஓடும் காலடிச் சத்தம் கேட்டது. சுற்றிச் சுற்றி ஓடினாள். பிறகு கேட்கவில்லை.

வாசலில் நிழல் விழுந்தது. தர்ஷி உள்ளே பார்த்தாள். மறுபடியும் போனாள். மறுபடியும் வந்தாள்.

டீச்சர் அசையவே இல்லை.

*

இதெல்லாம் நடந்து மழைக்காலமும் போய்விட்டது. நான் வேலைக்குப் போய் வருகிறேன். லீவு நாளில் இங்கே வந்து மணல் சலித்துக் கொடுக்கிறேன்.

டீச்சருக்கு நன்றி சொல்லணும் என்று எத்தனையோ தடவை நினைத்தேன். அவர் முகத்தைப் பார்த்தால் வாய் வராது. அதனால்தான் எழுத்தில். டீச்சர், நீங்கள் அன்றைக்குத் தாழ்ப்பாள் போட்டதற்கு நான்

தர்ஷி கதவை அடிக்கிறாள். வெளியே இருந்து. உள்ளங்கையால்.

இந்தா வந்துட்டேன் தாயி, அம்மா கையெல்லாம் மண