கழன்று விழுந்த உறை

"யார் தயவும் இல்லாமல் ஜெயித்தேன்."

மாநிலத் துப்பாக்கி சுடும் அணிக்குத் தேர்வான அன்று கதிரேசன் நிருபரிடம் இப்படிச் சொல்லிவிட்டான். பக்கத்தில் நின்ற இருதயராஜ் சிரித்தான். மறுநாளிலிருந்து அவன் மைதானத்துக்கு வரவில்லை. வருடக்கணக்காகத் தொலைநோக்கியில் கண் வைத்து, கதிரேசனுக்குக் காற்றின் போக்கைச் சொல்லி வந்தவன் அவன்.

அந்தச் சிரிப்பைக் கதிரேசனால் மறக்க முடியவில்லை. தேசியப் போட்டி வேறு நெருங்கிவிட்டது. சுட்டதெல்லாம் காற்றோடு போனது.

பயிற்சியாளர் அருமைநாயகம் தோட்டாக்களுக்குத் தம் கையாலேயே மருந்திட்டுக்கொண்டிருந்தார். துப்பாக்கிக் குழலைவிடக் குண்டு ஒல்லி. அதைக் கவ்விக்கொள்ள ஒரு பிளாஸ்டிக் உறை. குழலுக்குள் குண்டைச் சுழற்றிக் கொண்டுபோவது உறைதான். வெளியே வந்ததும் விரிந்து விழுந்துவிடும். அந்த உறையைச் சபாட் என்பார்கள்; பிரெஞ்சில் மரச்செருப்பு என்று பொருள். பிரெஞ்சுக்காரனின் செருப்பு எப்படித் துப்பாக்கிக்குள் நுழைந்தது என்று அகராதிக்காரர்கள் விளக்குவார்கள், அருமைநாயகம் விளக்கமாட்டார்.

"சார், இருதயத்தைக் கூப்பிட்டா வருவானா?"

"முதல்ல கீழ விழுந்த உறையைப் பொறுக்கிட்டு வா. மாடு தின்னுடும்."

சுட்டவனே பொறுக்க வேண்டும் என்பது அங்கே வழக்கம். கதிரேசனுடையதை எப்போதும் இருதயராஜ்தான் பொறுக்கினான். குனிந்து புல்லைத் துழாவியபோதுதான் அது நினைவுக்கு வந்தது.

கை நிறையக் கொண்டுவந்தான்.

"இருக்கிறதுலயே நல்லதா ஒண்ணு எடு. அதுல குண்டை வை."

சிதையாத ஒன்றைத் துடைத்தான். விரிந்த இதழ்களை விரலால் கூட்டிக் குண்டைப் பொருத்தினான். புதிது போலவே இருந்தது.

"கவுத்து."

கவிழ்த்தான். குண்டு நழுவி மேசையில் உருண்டது.

"பிடிக்க மாட்டேங்குதே சார்!"

"குழல் கீறின தடம் தெரியுதா?"

தடவிப் பார்த்தான். தெரிந்தது.

"அப்ப அவன் வரவே மாட்டானா?"

"அவன் என்ன பிளாஸ்டிக்கா? நீ கூப்பிட்டா ஓடி வந்துடுவான், பைத்தியக்காரன்."

கதிரேசனுக்கு மூச்சு வந்தது. சட்டைப்பையிலிருந்து போனை எடுத்தான்.

"இப்பவே கூப்பிடறேன் சார்."

அருமைநாயகம் அடுத்த தோட்டாவை எடுத்தார்.

"இப்பக் கூப்பிட்டா அவன் உனக்கு மறுபடியும் உறைதான். போட்டி முடிஞ்சப்புறம் கூப்பிடு."