ஒட்டுக்குக் கீழே எதுவும் கூடாது

கூதல்மலை உச்சியில் ஓர் ஊர். அங்கே கேரட் விளையும், முட்டைக்கோஸ் விளையும். புத்தி மட்டும் பனியில் கருகிப்போகும். எலுமிச்சையும் அப்படித்தான். அதனால் பெரியவர்களைப் பார்க்கப் போகும்போது அவ்வூரார் எலுமிச்சம்பழத்துக்குப் பதிலாக உருளைக்கிழங்கை நீட்டிக் கும்பிடுவார்கள்.

ஊர்த்தலைவர் மொக்கையன் தன் மகள் செவந்திக்கு அடிவாரத்துச் சங்கிலியின் மகனைக் கேட்டுச் சம்பந்தம் பேசப் போனபோதும் அதையேதான் நீட்டினார். எலுமிச்சைத் தோப்புக்காரரான சங்கிலிக்கு முகம் சுண்டிவிட்டது. உங்கள் மண்ணில் ஓர் எலுமிச்சை காய்க்கட்டும், பிறகு கல்யாணம் பேசலாம் என்று அனுப்பிவிட்டார். மொக்கையனுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

அவர் தேடிப்போன நாற்றுப்பண்ணைக்காரர் ஒரு கன்று கொடுத்தார். காட்டு நாரத்தையையும் எலுமிச்சையையும் கலந்து உண்டாக்கிய இனம், உறைபனிக்கும் அசராதாம். அதை முள் நாரத்தை வேரில் ஒட்டுக்கட்டியிருந்தார்கள்; தண்டில் ஒட்டுப்போட்ட இடம் முடிச்சாகத் தெரிந்தது.

"ஒட்டுக்குக் கீழ எது முளைச்சாலும் தயவு பார்க்காம வெட்டிருங்க. விட்டா சத்தையெல்லாம் அது உறிஞ்சிரும்" என்றார்.

மலை உச்சியில் நட்டார்கள். நட்டுவிட்டு நிமிர்ந்த மொக்கையன் சரிவைப் பார்த்துத் திடுக்கிட்டார். கீழே சரிவு முழுக்க ஊராரின் கேரட்டும் முட்டைக்கோஸும் பச்சைப்பசேலென்று நின்றன. உடனே ஊரைக் கூட்டி, ஒட்டுக்குக் கீழே முளைத்திருப்பதையெல்லாம் வெட்டச் சொன்னார்.

"முட்டைக்கோஸ் தானா முளைக்கலையே தலைவரே, நாமதானே நட்டோம்?" என்றான் பேயாண்டி.

"நட்ட பிறகு முளைக்காமயா இம்புட்டுப் பெருத்துச்சு?" என்று கேட்டான் வீரணன்.

பேயாண்டி அரிவாளை எடுத்துவந்தான். பொழுது சாய்வதற்குள் வெள்ளாமை மொத்தத்தையும் வெட்டிச் சாய்த்தார்கள். பெண்டுகள் மண்ணை வாரித் தூற்றினார்கள். அப்படியும் கன்று துளிர்க்கவில்லை. இன்னும் யாரோ உறிஞ்சுகிறார்கள் என்று மொக்கையன் கண்ணை இடுக்கிக்கொண்டு பார்த்தார். அடிவாரத்தில் கருகருவென்று சங்கிலியின் தோப்பு தெரிந்தது.

சம்பந்தியாகப் போகிறவரின் சொத்து. மனசு கேட்கவில்லைதான். ஆனாலும் மகள் வாழ்க்கை ஆயிற்றே. கோடரியோடு இறங்கி, ஒரு மரம் விடாமல் வெட்டினார்கள்.

சங்கிலி மாரில் அடித்துக்கொண்டு ஓடிவந்தார். மொக்கையன் அவரை உட்காரவைத்து, பண்ணைக்காரர் சொன்னதைப் பொறுமையாக விளக்கினார். சங்கிலி உச்சியைப் பார்த்தார். விழுந்துகிடந்த மரங்களைப் பார்த்தார். முகம் சிவந்துவிட்டது.

"என்ன மனுசன்யா நீங்க? என் தோப்புக்குக் கீழ ஆத்தோரமா அம்புட்டுத் தென்னை நிக்குது. அதை விட்டுவச்சா கன்னு எப்படிப் பிழைக்கும்?"

மொக்கையனுக்குக் கண் கலங்கியது. இப்படிப்பட்ட இடத்தில் பெண் கொடுக்கக் கொடுத்துவைத்திருக்க வேண்டும். அங்கேயே நிச்சயம் செய்துகொண்டு, இரு வீட்டாரும் கோடரியைத் தூக்கிக்கொண்டு ஆற்றங்கரைக்குக் கிளம்பினார்கள்.